சவலையும் தோஷமும்

நம் நாட்டில் ஒரு குழந்தை இளைத்துப் போனால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் நம்மவர்களுக்குள்ள சாமர்த்தியம் வேறு யாருக்கும் கிடையாது. கண்ணேறு பட்டுவிட்டது என்பார் ஒருவர். பட்சி தோஷம் என்பார் மற்றொருவர். தீட்டுப் பட்டவள் நிழல் விழுந்துவிட்டது என்பார் வேறொருவர். பிறந்த நட்சத்திரமே சரியில்லை என்பார் சோதிடர். வேப்பிலை அடிக்கவும், தாயத்துக் கட்டவும், ஓதி ஊதவும், உரம் எடுக்கவும் கடலூர் முதுநகரிலும் ஆள் உண்டு. சிதம்பரத்து நான்கு வீதிகளிலும் ஆள் உண்டு. ஆனால் அந்தக் குழந்தை நேற்று எத்தனை தடவை சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது, போன மாதம் அதன் எடை என்ன, இந்த மாதம் என்ன என்று கேட்பதற்கு மாத்திரம் வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.

இத்தனைக்கும் காரணம் தெரியாமல் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. நம்முடைய பாஷையிலேயே "சவலை" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. தாய் மறுபடியும் கர்ப்பமாகி, இருக்கும் பிள்ளைக்குப் பால் இல்லாமற்போய், அதனால் மெலிந்த குழந்தையைத்தான் சவலைப் பிள்ளை என்கிறோம். பால் போயிற்று, பிள்ளை மெலிந்தது என்று காரணத்தையும் காரியத்தையும் ஒரே வார்த்தையில் கட்டிவைத்தவர்கள் எழுத்தறியாத நம் பெண்கள்தான். ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று சொல்லப்படும் நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளைப் பற்றி 1933-இல் எழுதினார். அது ஊட்டக் குறைவால் வரும் நோய் என்று சொல்லி, 1935-இல் அந்த ஊர்ப் பெண்கள் வழங்கிய "குவாஷியோர்கர்" என்ற பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து தள்ளப்பட்ட குழந்தைக்கு வருவது என்பதே அதன் கருத்து. நோயின் உருவம் வேறாக இருந்தாலும், காரணத்தைச் சொல்லுவதில் அந்த வார்த்தையும் நம் சவலையும் ஒன்றேயாகும். தாய்மார்கள் கண்டதை அங்கே ஒரு டாக்டர் கேட்டு உலகத்துக்குச் சொன்னார். இங்கேயோ தாய்மார்கள் கண்டதைத் தள்ளிவிட்டு, தோஷம் என்று பெயர் வைத்து, பரிகாரத்துக்குக் காசு வாங்கினார்கள்.

நம் பக்கத்துப் புராணங்களையே பாருங்கள். சிதம்பரத்துக் கதையில், வியாக்கிரபாதர் பிள்ளையான உபமன்யு பாலுக்கு அழுதபோது சிவன் பாற்கடலையே கொடுத்தானாம். பக்கத்துச் சீர்காழியில் மூன்று வயதுப் பிள்ளை அழுதபோது அம்மனே பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாளாம். பாலுக்குப் பிள்ளை அழும் என்பது புராணக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் பாற்கடல் வந்த அதே ஊரில், அதற்குப் பிறகு பாலில்லாமல் செத்த குழந்தைகள் எத்தனை? அந்தக் குழந்தைகள் அழுத சத்தம் மாத்திரம் கேட்காமல் போனதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

அது நிற்க, காரியத்துக்கு வருவோம்.

பிள்ளை பிறந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுகிறோம். தெருவில் கழுதையை ஓட்டி வருகிறவனிடம் ஒரு சங்குப் பால் வாங்கி ஊற்றுகிறோம். தாயின் மார்பில் முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலையோ, கெட்ட பால் என்று கறந்து கொட்டிவிடுகிறோம். இதைவிடத் தலைகீழான காரியம் வேறில்லை. சீம்பாலில்தான் நோயை எதிர்க்கும் சத்து நிறைந்திருக்கிறது. அது கொஞ்சமாக இருக்கிறதே என்றால், பிறந்த அன்று குழந்தையின் இரைப்பை கொள்வதே ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம்தான். தேனிலோ நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். ஆகையால் ஒரு வயது வரையில் தேன் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். காய்ச்சாத கழுதைப் பாலில் எந்தக் கிருமி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இது பட்டிக்காட்டு வழக்கம், ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தபின் ஒழிந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 100-க்கு 60 பேர்தான். ஆறு மாதம் முடியாத குழந்தைகளில் தாய்ப்பால் மாத்திரம் குடிப்பவர்கள் 100-க்கு 55 பேர்தான். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 100-க்கு 25 பேர் வயதுக்குத் தக்க உயரம் இல்லாதவர்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. புத்தி இன்னும் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அடுத்தபடியாக, "பால் பற்றவில்லை" என்கிற பேச்சு. பிள்ளை அழுதால் உடனே பாட்டி தொடங்கி அடுத்த வீட்டுக்காரி வரையில் எல்லோரும் இதையே சொல்லுகிறார்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். சில நாட்களில், முக்கியமாய் மாலை வேளைகளில், அரை மணிக்கொரு தரம் கேட்கும். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறு வாரத்திலும், மூன்று மாதத்திலும் இப்படித் திடீரென்று அதிகமாய்க் கேட்பது உண்டு. அப்போது குழந்தை அடிக்கடி சப்பச் சப்பத் தாய்க்குப் பால் அதிகமாய் ஊறும். கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவதைப் போன்றதே இதுவும். அந்தச் சமயத்தில் புட்டியைக் கொடுத்தால் பிள்ளை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் ஊறுவது குறையும். பிறகு பால் பற்றாமற்போவது நிஜமாகவே ஆகிவிடும். கையை வாயில் வைப்பதும், தலையைத் திருப்பித் தேடுவதும் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசி அடையாளம். முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் பற்றுகிறது என்று அறியலாம். கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரையில் தனியே தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. அவளுக்கோ பத்தியம் என்று சொல்லித் தாகத்துக்குத் தண்ணீரையும், பசிக்குச் சோற்றையும் நிறுத்திவிட்டுப் பால் எங்கே என்று கேட்கிறோம்!

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர் மந்திரவாதி மாத்திரம் அல்ல, டப்பாப்பால் வியாபாரியும்தான். அதே சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூரில், சர்க்கரை சேர்த்த டப்பாப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விற்பதைக் கண்டித்து, "பாலும் கொலையும்" என்ற தலைப்பிலேயே பேசினார். 1981-இல் இந்த வியாபார விளம்பரத்துக்கு வரம்பு கட்ட உலக சுகாதார சபையில் 118 நாடுகள் ஓட்டுச் செய்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா ஒன்றே. நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. 2003-இல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. தாயில்லாத குழந்தைக்கும், டாக்டர் சொன்ன குழந்தைக்கும் அந்தப் பால் உதவட்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், அடுப்பு வேண்டும், ஓயாமல் காசு வேண்டும். காசு குறைந்த வீட்டில் மாவு குறைந்து தண்ணீர் கூடும். நம் கடலூர் ஜில்லாவோ 2004-இல் ஆழிப்பேரலையையும், 2011-இல் தானே புயலையும், 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்ட ஜில்லா. அம்மாதிரி சமயத்தில் கிணறு கெடும், கடை மூடும். கெடாமலும் மூடாமலும் இருப்பது தாய்ப்பால் ஒன்றுதான்.

ஆறு மாதம் முடிந்தபிறகு கதை வேறு. அப்போது தாய்ப்பால் மாத்திரம் போதாது. வயிற்றிலிருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச் சத்து அந்தச் சமயத்தில் தீர்ந்துவருகிறது. நல்ல நாள் பார்த்துக் கோயிலில் ஒரு வாய் சோறூட்டிவிட்டு, பிறகு ஒரு வயது வரையில் கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டுமாய் ஓட்டினால் பிள்ளை எப்படித் தேறும்? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடுகிற உணவு வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பை வளர்க்காது. குழைத்த சோறும் பருப்பும், ஒரு சொட்டு எண்ணெய், கேழ்வரகுக் கூழ், கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை நம் ஊரில் கிடைக்காதவை அல்ல. கடற்கரையில் இருந்துகொண்டு மீன் மாந்தம் என்று பயப்படுவதைப்போல் பரிதாபம் வேறுண்டா? முதலில் நாளைக்கு இரண்டு மூன்று தடவையும், ஒன்பது மாதத்துக்குமேல் மூன்று நான்கு தடவையும் கொடுத்து, தாய்ப்பாலையும் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடர வேண்டும். பெண் பிள்ளைக்கு மாத்திரம் சீக்கிரமே பால் மறக்கடித்துவிட்டு அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று காத்திருப்பவர்கள், தங்கள் வீட்டுச் சவலைக்குத் தாங்களே காரணம் என்று உணர வேண்டும்.

இனி, பிள்ளை வளர்கிறதா என்று அறிவது எப்படி? கண்ணால் பார்த்தா? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டா? தராசில் வைத்துத்தான் அறிய வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரையில் எடை குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிடும். முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25, 30 கிராம் ஏறும். ஐந்து மாதத்தில் பிறந்தபோதுள்ள எடையைப்போல் இரட்டிப்பாகும்; ஒரு வயதில் மூன்று மடங்காகும். அதற்குமேல் வேகம் குறையும்; அப்படிக் குறைவது நோயல்ல. பிறவியிலேயே சிறியதாயுள்ள பிள்ளை தன் கோட்டிலேயே ஒழுங்காய் ஏறிவந்தால் அது நல்ல பிள்ளைதான். கொழுகொழுவென்று இருந்த பிள்ளையின் கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டால் அதுவே அபாயம். தாய் சேய் அட்டையில் இந்தக் கோட்டுக்குப் படம் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் கோடு இழுக்காமல், பிள்ளைக்கு ஜாதகக் கட்டம் மாத்திரம் எழுதி மஞ்சள் தடவிப் பெட்டியில் வைக்கிறோம்.

அந்தக் கோட்டில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1997 முதல் 2003 வரையில் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் உள்ள வீட்டுக் குழந்தைகளாகப் பார்த்து எடுத்தார்கள். கண்டது என்ன? குழந்தைகளின் நீளத்தில் தெரிந்த வித்தியாசத்தில், நாட்டுக்கு நாடு என்பதால் ஏற்பட்டது 100-க்கு 3 பங்குதானாம். ஆகவேதான் 2006-இல் உலகம் முழுதுக்கும் ஒரே அளவை வெளியிட்டார்கள். டில்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் ஒரே கோட்டில் ஏறும்போது, அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு ஒரு வளர்த்தியும் சேரிப் பிள்ளைக்கு ஒரு வளர்த்தியும் பிறப்பில் வைத்தது என்று எவன் சொல்ல முடியும்? குட்டையாய் நிற்கும் பிள்ளை தலையெழுத்தால் நிற்கவில்லை. சோறும் சுகாதாரமும் இல்லாததால் நிற்கிறது.

தராசு வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. 1980-இல் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துப் பெண்களே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதம்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் உணவு கொடுத்து, தாய்க்கும் விஷயத்தைச் சொன்னார்கள். கடுமையாய் மெலிந்த குழந்தைகளின் தொகை குறைந்தது. அதற்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

"எங்கள் பாட்டி இதெல்லாம் தெரியாமலே பத்துப் பெற்று வளர்த்தாளே" என்பார்கள். பெற்றது பத்து சரி. வளர்ந்தது எத்தனை என்று அந்தப் பாட்டியையே கேளுங்கள். மண்ணில் புதைத்ததைக் கணக்கில் சேர்க்காதவன் கணக்குத் தெரிந்தவனாக மாட்டான்.

மற்றொரு ஆட்சேபணை நியாயமானது. "நடவுக்குப் போகிறவள், மீன்கூடை தூக்குகிறவள், முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் எட்டுத் தடவை பால் கொடுப்பது எப்படி?" என்பதே அது. சர்க்கார் உத்தியோகப் பெண்ணுக்கு 2021 முதல் ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு உண்டு. சந்தோஷம். காட்டுமன்னார்கோயில் வயலில் நிற்கிறவளுக்கு? முத்துலட்சுமி ரெட்டி பெயரால் கொடுக்கப்படும் 18,000 ரூபாய் உதவி நல்லதுதான். ஆனால் அது ஒரு வருஷக் கூலியாகாது. அவளுக்கும் லீவும் கூலியும் கிடைக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் வீட்டு ஆண்பிள்ளை செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை பெற்றவள் கடைசியில் சாப்பிடாமல் முதலில் சாப்பிடட்டும். தண்ணீர்க் குடத்தை அவன் தூக்கட்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், இந்த மாதம் அதை அங்கன்வாடிக்குத் தூக்கிப்போய் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதமும் அப்படியே செய்யுங்கள். கோடு ஏறாவிட்டால் என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, கழிச்சலில் உச்சிக்குழி பள்ளமானாலோ, உரம் எடுப்பவனிடம் போகாமல் கடலூர்த் தலைமை ஆஸ்பத்திரிக்கோ, அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கோ உடனே ஓடுங்கள். உச்சிக்குழி பள்ளமாவது உடம்பில் தண்ணீர் வற்றியதால்; பேய் அமுக்கியதால் அல்ல. வேப்பிலை அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு உயிர் போய்விடக்கூடும். தாயத்துக்குக் கொடுக்கும் காசுக்கு முட்டை வாங்கினால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை வேளைக்கு வரும் என்பதை மாத்திரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.