மூன்று தடவை அழுத்தியது பாட்டியின் தவறா?

போன தைப்பூசத்துக்குப் பால்குடப் பதிவை இணையத்தில் வைத்தோம் அல்லவா, அதைப் பற்றிக் கவுண்டரில் உட்காரும் தொண்டர்கள் நாங்கள் ஒன்று சொல்லணும்.

ஒரு பாட்டியின் பெயரில் மூன்று குடம் பதிவாகியிருந்தது. இருப்பதோ அளவான இடம். அதனால் பின்னால் வந்த இரண்டு பேருக்கு "நிறைந்துவிட்டது" என்று பதில் போய்விட்டது. பாட்டியைக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டோம். "அழுத்துனேன் தம்பி, ஒன்னும் ஆவல. திரும்ப அழுத்துனேன், அப்பவும் சும்மாதான் இருந்துச்சு," என்றார். வீட்டுக்குப் போய் அதே பாரத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தோம். பாட்டி சொன்னது உண்மை. லைன் மெதுவாக இருந்தால், அழுத்தியும் ஏழெட்டு விநாடி பட்டன் அப்படியே கிடக்கிறது.

எங்களுக்குத் தொழிற்சாலையில்தான் பிழைப்பு. அங்கே பிரஸ் மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கையை உள்ளே விடாதே என்று ஆளிடம் ஆயிரம் தடவை சொல்வதைவிட, விட முடியாதபடி மிஷினை அமைப்பதுதான் முறை. ஆலயப் பாரத்துக்கும் அதே புத்தி வேணும் என்பது எங்கள் கருத்து. "ஒரு முறை மட்டும் அழுத்தவும்" என்று சிவப்பில் எழுதி வைத்தால் யாரு படிக்கிறா?

பாரம் செய்து கொடுத்த பிள்ளைகளிடம் சொன்னோம். ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகள்தானாம். அழுத்தியதும் பட்டன் பூட்டிக்கொள்ளும், எழுத்து "அனுப்புகிறோம், காத்திருங்கள்" என்று மாறும். முதலில் விரல் பட்டதுமே பூட்டினார்கள். தொலைபேசி எண்ணை விட்டுவிட்டால் பாரமும் போகாது, பட்டனும் திறக்காது. இது அதைவிட மோசம்! இப்போது, விடுபட்ட கட்டங்களை பிரவுசர் பார்த்து முடித்த பிறகு, பாரம் கிளம்பும் நேரத்தில் பூட்டுகிறார்கள். லைன் அறுந்தால் பட்டன் மறுபடி திறந்து, விஷயத்தையும் சொல்லணும். ஆனால் பட்டனை மட்டும் நம்ப முடியாது. பாதியில் அறுந்தால் பாரம் போய்ச் சேர்ந்ததா என்று கைப்பேசிக்கே தெரியாதே. அதனால் ஒவ்வொரு பாரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் அந்த "அழி" பட்டன். "அனுப்பு" பக்கத்திலேயே, அதே அளவில். விரல் கொஞ்சம் நழுவினால் பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் போச்சு. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

எல்லாம் நிரப்பும் வரை பட்டனை மங்கலாகவே வைக்கலாம் என்று நிர்வாகத்தில் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. மங்கலான பட்டன் எது குறை என்று சொல்லாது. அழுத்த விடுங்கள், "நட்சத்திரம் எழுதவில்லை" என்று அந்தக் கட்டத்தின் கீழேயே தமிழில் வரட்டும். பட்டனிலும் "சப்மிட்" வேண்டாம், "பால்குடம் பதிவு செய்" என்று போடலாம். வயசானவங்க பிள்ளைகளை வைத்துப் பதியட்டுமே என்றும் ஒருவர் கேட்டார். நேர்த்திக்கடன் பாட்டியுடையது ஐயா, அவர் கையாலேயே பதிய நினைத்தார்.

புதிய பாரம் தயார். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து ஆலய அலுவலகத்தில் இருப்போம். உங்கள் கைப்பேசியோடு வந்து அழுத்திப் பாருங்கள், கண்ணாடி போடாமலும் ஒரு தடவை. பாட்டிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டோம். கோபமில்லையாம். ஆனால் வந்து மூனு தடவை அழுத்தித்தான் பார்ப்பாராம்.