காயத்துக்குத் துண்டு கேட்கின்றார்கள்

புத்தளம் மாவட்டக் கரையிலே, பள்ளிவாசல்துறையில், அண்மையில் ஒரு சிறு கூட்டம். காணி அனுமதிப்பத்திரங்கள் பற்றிப் பேசவே நாம் போயிருந்தோம். வெங்காயச் செய்கைக்காரரும் கடற்றொழிலாளருமாக நாற்பது பேர் வரையில் வந்திருந்தனர். கூட்டம் கலைந்த பின்னர் அறுபதைக் கடந்த ஒருவர் மட்டும் பின்தங்கி நின்றார். சாரத்தைச் சற்றே உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே புடைத்து நின்ற ஒரு தழும்பைக் காட்டினார்.

“தம்பி, ஷெல் துண்டு உள்ளுக்குத்தான் கிடக்குது. அதுக்குத் துண்டு இருக்கா எண்டு கேக்கிறாங்க” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். நாமும் சிரித்தோம் என்பதை ஒளிப்பானேன்? ஆனால் அந்த வார்த்தை திரும்பி வரும் வழியெல்லாம் எம்மோடு கூடவே வந்தது.

அவர் இலங்கைத் தரைப்படையில் சிப்பாயாக இருந்தவர். மன்னார்த் தீவிற் பிறந்த முஸ்லிம். 1980களின் நடுப்பகுதியில் வடக்கிலே நிகழ்ந்த ஒரு மோதலிற் காயமுற்றார். வைத்தியர்கள் பெரிய துண்டுகளை எடுத்தனர்; நரம்பை ஒட்டிக் கிடந்த ஒன்றை எடுக்க அஞ்சி விட்டுவிட்டனர். கால் முன்போல் வேலைக்கு உதவாமையால் படையை விட்டு விலகிக் கொழும்பிலே ஒரு கடையிற் கணக்கெழுதினார். வைத்தியசாலைத் துண்டு, விடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகிய யாவும் மன்னாரில் தாயாரின் அலுமாரியில் இருந்தன. 1990 ஒக்டோபர் இறுதியில் அந்த வீட்டார் உடுத்த உடையோடு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். அலுமாரி அங்கேயே நின்றது.

களத்திற் காயமுற்ற படையினர்க்கும் களத்திலே மாண்டவர்க்கும் வழங்கவென இந்நாட்டில் ‘தேச புத்திர’ என்னும் பதக்கம் உண்டு. அதைக் கேட்டு அவர் ஓர் அலுவலகத்தின் படியேறினார். காயத்தை எவரும் மறுக்கவில்லையாம். காயத்துக்கான கடதாசியைத்தான் கேட்டனராம். ஊரிலோ இளையவர்கள் சிலர் அவர் தென்னையிலிருந்து விழுந்து கால் கெட்டவர் என்றே இன்றுவரை எண்ணிக் கொண்டிருக்கின்றனர். பணம் வேண்டாம், அந்தப் பேச்சு நின்றாற் போதும் என்பது அவருடைய கோரிக்கை.

இதைப் பற்றி எழுதப்போகின்றோம் என்றதும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். “அந்தப் படையின் பதக்கத்துக்காக வாதாடுவதா நமது வேலை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் படையின் எறிகணைகள் எமது மக்களின் கூரைகள்மீது வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை; மறக்கச் சொல்லவும் இல்லை. ஆயினும் மறக்கக் கூடாதது வேறொன்றும் உண்டு. அந்தத் தாயாரின் அலுமாரி ஏன் மன்னாரிலே நின்றுவிட்டது? தமிழின் பெயரால் ஆயுதமேந்தியவர்கள், வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களைச் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேர அவகாசந்தான் கொடுக்கப்பட்டது. நகையையும் பணத்தையும் காணி உறுதியையும் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மேடைதோறும் முழங்கி வந்த அரசியலின் வழியில் வந்தோர் நாம். அந்த மக்களுள் ஒருவர் கடதாசியை இழந்தது எமது பெயராலேதான் என்றால், அவருக்கொரு கடதாசி தேடிக் கொடுப்பது எமது வேலையன்றி வேறு யாருடைய வேலை?

இன்னொரு காரணமும் உண்டு. அதே காலத்து ஷெல் துண்டுகளை உடம்பிலே சுமந்தபடி வயலில் இறங்கும் ஆயிரக்கணக்கான தமிழர்க்குப் பதக்கமும் இல்லை, பட்டியலும் இல்லை. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கென ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. அதன் வாசலுக்குப் போவோரும் கடதாசிக் கட்டோடுதான் போகவேண்டியிருக்கின்றது. கடதாசி இழந்தவன் தன் காயத்தை எவ்வாறு நிறுவுவது என்பதற்கு ஒரு நல்ல விதி பிறக்குமாயின், அது யாருக்காகப் பிறந்தால் என்ன? சிப்பாய்க்கு ஆகும் விதி செய்கைக்காரனுக்கும் ஆகும்.

இத்தகைய வழக்கு உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏர்ல் மேயர் என்றொரு முதியவர். கொரியப் போரிலே, 1951 ஜூன் மாதத்தில், மோட்டார்க் குண்டின் துண்டொன்று அவருடைய தொடையிற் பாய்ந்தது. களத்திலே ஒரு மருத்துவ உதவியாளர் கட்டுப் போட்டுவிட்டார். அவர் அதை எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எழுதுவதற்கு முன்னரே அவரும் களத்தில் வீழ்ந்திருக்கலாம் என்று மேயர் கருதினார். துண்டு தொடையிலேயே தங்கிவிட்டது. காயமுற்ற படையினர்க்கு அந்நாடு வழங்கும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கத்தை, மகள்மாரின் தூண்டுதலால், முதுமையிலே கேட்டார். காயம் போரிற் பட்டதாகவே இருக்கவேண்டும் என்று முன்னாட் படையினர்க்கான வைத்தியர்களே 2005இல் ஒப்புக்கொண்டிருந்தனர். எனினும் கடதாசி போதாது என்று 2023 ஏப்ரலில் விண்ணப்பம் தள்ளப்பட்டது. கண்ட சாட்சி வேண்டுமாம்! எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடன் நின்ற தோழர்களுள் எத்தனை பேர் உயிரோடு இருப்பர்?

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் நீதிமன்றம் ஏறினார். அவருடைய மாநிலத்துச் செனற்றர் ஏமி குளோபுச்சரும் அவருக்காக எழுதினார். 2024 ஏப்ரலில் படைத்துறை தன் முடிவை மாற்றிக்கொண்டது. மே மாதத்தில், தமது 96ஆம் வயதிலே, அவர் பதக்கத்தை அணிந்துகொண்டார். குண்டு பட்டு 73 ஆண்டுகள்!

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு முதியவரைத் தன் நாட்டோடேயே வழக்காட வைத்த ஆட்சியைப் புகழ்வதற்கு என்ன இருக்கின்றது? அங்கே நாம் கற்கத்தக்கது வேறொன்று. 1973 ஜூலை 12ஆம் நாள் சென்ற் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த படையினர் ஆவணக் காப்பகம் தீப்பற்றியது. பதினாறு முதல் பதினெட்டு மில்லியன் கோப்புகள் எரிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் தரைப்படையை விட்டு விலகியோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது வரை போயின. ‘கோப்பு எரிந்தது, ஆகவே நீ படையில் இருந்ததேயில்லை’ என்று அந்த அரசாங்கத்தாற் சொல்ல முடிந்ததா? இல்லை. இறுதிச் சம்பளப் பட்டியலைத் தேடினார்கள். அணியின் காலை அறிக்கையைத் தேடினார்கள். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோரின் நிரலைத் தேடினார்கள். ஒருவனுடைய சேவை ஒரேயொரு கோப்பிலே மாத்திரம் எழுதப்படுவதில்லை. அவனுக்குச் சோறு போட்டவன் எழுதியிருப்பான், சம்பளம் கொடுத்தவன் எழுதியிருப்பான், மருந்திட்டவன் எழுதியிருப்பான்.

இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. காணி வைத்திருந்தாற் போதும். உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு என்ன செய்கின்றார்? மூலத்தை உங்களிடம் தருகின்றார். இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகின்றார். மற்றொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். உங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த உறுதியைக் கறையான் தின்றால் காணி பறிபோய்விடுமா? பதிவகத்திற் பிரதி எடுக்கின்றீர்கள். படைவீரன் ஒருவன் சேரும்போதும், அனுப்பப்படும்போதும், வைத்தியசாலையிற் படுக்கும்போதும், விலகும்போதும் எழுதுகோல் யாருடைய கையில் இருந்தது? அரசாங்கத்தின் கையில். தானே எழுதித் தானே பூட்டி வைத்த ஏட்டை அடுத்தவனிடம் கேட்பது என்ன நீதி?

1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் 106ஆம் பிரிவிலே, ஒரு விடயம் ஒருவருடைய சிறப்பான அறிவில் இருக்குமாயின் அதை நிறுவும் சுமை அவரையே சாரும் என்கின்றது. மூல ஆவணம் அழிந்தாலோ தொலைந்தாலோ இரண்டாம் நிலைச் சான்று காட்டலாம் என்று 65ஆம் பிரிவு இடமளிக்கின்றது. இவை நீதிமன்றத்துக்கான விதிகள். பதக்கம் வழங்கும் சபையை நேரே கட்டுப்படுத்தமாட்டா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்லலாம். சொல்லட்டும். பதக்கம் சட்டப்படி உரிமையன்று, அரசின் மதிப்பே என்றுங்கூடச் சொல்லட்டும். ஒரே வகைக் காயமுற்ற இருவரில் ஒருவருக்குப் பதக்கம் வழங்கி, மற்றவரை அவருடைய தாயாரின் அலுமாரி காரணமாகத் திருப்பியனுப்பினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையிலுள்ள சமத்துவம் எங்கே போயிற்று என்று நாம் கேட்போம்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் கொடுக்கப்பட்ட படிவம் சிங்களத்தில் மாத்திரமே இருந்தது. அவர் சிங்களம் பேசுவார், வாசிக்கமாட்டார். புத்தளம் வடகிழக்குக்கு வெளியே உள்ளதே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். 1988இல் வந்த பதினாறாவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழிலே தொடர்புகொண்டு, தமிழிலே பதில் பெற உரித்துடையவர். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைப் பார்க்க. ஏட்டிலே எழுதிய இந்த உரிமையை மேசைக்குக் கொண்டுவருவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சட்டத்தரணி வேண்டியிருப்பது இந்த நாட்டின் இலட்சணம்.

ஆதலால் நாம் பதக்கத்தை முதலிற் கேட்கப்போவதில்லை, ஏட்டைத்தான் கேட்கப்போகின்றோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகின்றது. ஏன் கேட்கின்றீர் என்று எவரும் வினவ முடியாது. தருவதா இல்லையா என்பதைப் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்யவேண்டும்; மறுத்தாற் காரணத்தை எழுத்திலே தரவேண்டும்; அதற்கு மேலே மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. நாட்டின் பாதுகாப்பு என்னும் விதிவிலக்கு உண்டு என்பதை அறிவோம். சிப்பாய் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எந்தக் கட்டிலிற் படுத்திருந்தார் என்பதனால் எந்தப் பாதுகாப்புக் குலையும்?

ஆனாற் காலம் காத்திருக்காது. அச்சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே இருந்த ஆவணங்களை ஆகக் குறைந்தது பத்து ஆண்டுகளுக்குப் பேண வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கின்றது. அந்தக் காப்பு 2027இன் தொடக்கம் வரைதான். பழைய வைத்தியசாலை இடாப்புகளிற் பெயருள்ளவர்கள், சிப்பாயாயினும் சாதாரண மக்களாயினும், இந்தத் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

பள்ளிவாசல்துறைப் பெரியவரின் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி முடித்துவிட்டோம். சேவைப் பதிவு, சம்பளப் பட்டியல், வைத்தியசாலை அனுமதி இடாப்பு ஆகிய மூன்றின் பிரதிகளையும் கேட்டிருக்கின்றோம். கூடவே காலை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். எடுத்துவிட்டார். வெள்ளையாகத் துண்டு தெரிகின்றது. நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது. அந்தப் படத்தை உறையிலிட்டு, “இப்ப இதுக்கு ஒரு துண்டு கிடைச்சிட்டுது தம்பி” என்றார். பதினான்கு வேலை நாட்களும் கழிந்ததும், வந்த பதில் எதுவாயினும், பதிலே வராவிடினும், அதை இப்பக்கத்தில் வெளியிடுவோம்.