ஓடிக்கொண்டிருக்கிறதே என்கிற அலட்சியம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அன்று இரவு எந்தக் கணினியும் அணைந்துபோகவில்லை. மறுநாள் காலை ஆடிட்டர் அலுவலகத்தில் டேலி திறந்தது. ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டை அச்சாகி வந்தது. மருந்துக்கடையில் பில் வந்தது. எல்லாம் வழக்கம்போல நடந்ததால், அப்படியொரு தேதி கடந்துபோனதே பலருக்குத் தெரியாது. பழைய கணினி பழுதாகி நின்றால் யாராவது ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். நன்றாக ஓடுகிற பழைய கணினியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் எச்சரிக்கை மணியடிக்க நேர்ந்திருப்பது அந்தக் கணினிகளுக்காகத்தான்.

இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். அதில் ஓட்டைகள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அவற்றை அடைத்து அனுப்புகிறது. விண்டோஸ் 11-இன் நிரலில் பெரும்பகுதி 10-இலிருந்து வந்தது என்பதால், 11-இல் இன்று அடைக்கப்படும் ஓட்டை 10-இலும் இருக்க வாய்ப்பு அதிகம். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது தாக்குதல் தொழிலில் இருப்பவர்களுக்கு அன்றாட வேலை. ஒரே கொத்தனார் கட்டிய வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றினால், மற்ற வீடுகளின் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். கைவிடப்பட்ட விண்டோஸ் அப்படித்தான் மாதத்துக்கு மாதம் பலவீனமாகிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. ரகசியமாக வைத்திருந்த ஓர் ஊடுருவல் கருவி அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கசிந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று அடைத்திருந்தது. மே 12 அன்று அந்தக் கருவியைக் கொண்டு ‘வான்னாக்ரை’ என்ற பணம் பறிக்கும் நிரல் வந்தது. யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியில் நுழைந்தது, அதே வலையமைப்பில் இருந்த அடுத்த கணினிக்குத் தானே தாவியது. திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று, பக்கத்தில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் கடிகாரம்: கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலரை பிட்காயினாகக் கொடு, மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையின் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000-க்கும் மேல் என்பது அதன் மதிப்பீடு. ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அந்தக் கதையின் முன்பகுதிதான் இன்று நமக்கு முக்கியம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தபோது, பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்து, தன் அலுவலகங்களுக்கென்று ஓராண்டு நீட்டிப்பு வாங்கியது. அந்த ஓராண்டுக்குள் எக்ஸ்பியை விட்டு வெளியேறிவிடுங்கள் என்று மருத்துவமனைகளுக்குக் கடிதமும் போனது. 2015-இல் நீட்டிப்பு புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் எக்ஸ்பி கணினிகள் பல அப்படியே இருந்தன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வான்னாக்ரையில் அங்கே சிக்கியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு இலவசத் திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போட்டுக்கொள்ள ஆள் இல்லை. கிடைத்த அவகாசத்தைத் தூங்கிக் கழித்தவர்களும், கைக்கு வந்த மருந்தைச் சாப்பிடாதவர்களும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது அதே அவகாசம் நம் கையில் இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தர மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகச் சேமிப்பில் வைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. இல்லாவிட்டால் 30 டாலர். நிறுவனங்களுக்குக் கதை வேறு: முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு, அதோடு சரி. வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் இந்த இலவச வசதியையாவது பதிவு செய்துகொண்டார்கள்? தெருமுனை சர்வீஸ் கடையில் கேட்டால், பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

காரணம் ஊரறிந்தது. நம்மூர் அசெம்பிள்டு கணினிகளில் கணிசமானவை கள்ளப் பிரதியில் ஓடுபவை. கணினி வாங்கும்போதே சர்வீஸ் பையன் பென் டிரைவோடு வந்து ‘ஓஎஸ்’ போட்டு, ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டிவிட்டுப் போவான். அந்த ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று அதிலேயே எழுதியிருக்கும். வீட்டுக்குள் வருகிறவன் முதலில் காவல்காரனை அனுப்பிவிடச் சொன்னால் சந்தேகப்படுகிற நாம், இங்கே சந்தேகப்படுவதில்லை. பல கடைகளில் திருத்தங்கள் வருவதையே நிறுத்தியும் வைக்கிறார்கள். ‘அப்டேட் வந்தால் சிஸ்டம் ஸ்லோ ஆகிவிடும், சார்’ என்பது நாம் எல்லோரும் கேட்ட வாசகம். அந்தக் கணினிக்கு எந்த நீட்டிப்பும் பொருந்தாது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகி எடுத்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்குமே, அது இந்தப் பழக்கத்தின் சின்ன விலை. பெரிய விலை இனிமேல்தான்.

பழியை முழுவதும் பயனாளர் தலையில் போடுவது நியாயமில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5 கணினியில் 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால், கணக்கு எழுதவும் தட்டச்சு செய்யவும் இன்றும் தாராளமாகப் போதும். அதைக் குப்பை என்று அறிவித்தது வன்பொருளின் வயது அல்ல, ஒரு நிறுவனத்தின் முடிவு. இதனால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றிவிட்டு விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கிற கடைகளும் உண்டு. ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. எக்ஸ்பி கைவிடப்பட்ட 2014-இலேயே, அரசுத் துறைகள் ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய, இந்திய மொழிகளை ஏற்கும் இயங்குதளம் அது. விலையில்லா மடிக்கணினிகளில்கூட விண்டோஸோடு அதையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆனாலும் அரசு மேசைகளில் ஆட்சி செய்வது விண்டோஸ்தான். அறிவுரை சொன்னவர்கள், அலுவலரின் மேசையில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தவறினார்கள். 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பிறகும் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்கள் கோப்புகளில் தொடர்ந்தன. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் டெண்டர் தளத்துக்கும் விண்டோஸே வேண்டும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளே பணம் பறிக்கும் நிரலில் சிக்கின. கோட்டைக்குள் வந்த அந்த எச்சரிக்கை கோட்டைக்கு வெளியே எத்தனை அலுவலகங்களை எட்டியது?

மாற்றவே முடியாத கணினிகளும் உண்டு. டி.டி.பி. சென்டர் ஒன்றைப் பாருங்கள். மூலையில் எக்ஸ்பி ஓடும் ஒரு பெட்டி. அதில் பேஜ்மேக்கர் 7. அதன் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-இல். பின்புறம் பழைய பிரிண்டர் போர்ட்டில் எழுத்துரு மென்பொருளின் பூட்டுச் சாவி செருகியிருக்கிறது. புதிய கணினிகளில் அந்த போர்ட்டே கிடையாது. இருபது வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் அதற்குள் இருக்கின்றன. பட்டறையில் இயந்திரத்தோடு வந்த கணினிக்கும், ஸ்கேன் மையத்தில் கருவியோடு வந்த கணினிக்கும் இதே கதி. இவற்றைத் தூக்கிப் போடு என்று சொல்வது பட்டணத்து மேதாவித்தனம். வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்தில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. எக்ஸ்பி கணினியிலிருந்து கோப்பை எடுக்கப் புதிய விண்டோஸ் மறுக்கிறது. ஏனென்றால் எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு மட்டுமே. வான்னாக்ரை புகுந்து வந்த வழி அதுதான் என்பதால், புதிய விண்டோஸ் அதை மூடி வைத்திருக்கிறது. சர்வீஸ் ஆள் வந்து, புதிய கணினிகளிலும் அந்தப் பழைய வழியைத் திறந்துவிட்டுப் போகிறார். ஒரு கிழட்டுக் கணினிக்காக அலுவலகம் முழுவதும் 2017-க்குத் திரும்பிவிடுகிறது. கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து, திருத்தங்கள் முறையாக வரும் கணினியில் முதலில் சோதித்துவிட்டுத் திறந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாகும். அவ்வளவுதான். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பயன்படுத்தாமல் இருப்பது, ஆட்டோரன்னை அணைப்பது, அந்தப் பெட்டியில் நெட் பேங்கிங் பக்கமே போகாமல் இருப்பது, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அதைக் கழற்றி அலமாரியில் வைப்பது: இவற்றுக்குப் பணம் பெரிதாக வேண்டாம். கழற்றி என்பதை அழுத்திச் சொல்கிறோம். செருகியே கிடக்கும் நகலையும் சேர்த்துத்தான் பூட்டுவார்கள்.

வலையமைப்பைப் பிரித்து வைக்காததன் விளைவை டெல்லி எய்ம்ஸ் காட்டியது. 2022 நவம்பர் 23 அன்று நடந்த தாக்குதலில் ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதிலளித்தது. நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் பேப்பரும் பேனாவுமாக நோயாளிகளைப் பார்த்தது.

செய்ய முடியாது என்று எந்தத் துறையும் சாக்குச் சொல்ல வேண்டாம். ஏடிஎம்கள் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தபோது, 2017-இல் ரிசர்வ் வங்கி முதலில் எச்சரித்தது, வங்கிகள் அசையவில்லை. 2018 ஜூனில் தேதி குறித்து உத்தரவிட்டது. ஆகஸ்ட்டுக்குள் பயாஸ் பாஸ்வேர்டு, யுஎஸ்பி அடைப்பு. செப்டம்பருக்குள் கால்வாசி ஏடிஎம்களில் ஆதரவுள்ள இயங்குதளம், டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுவதும். தவறினால் நடவடிக்கை என்றும் சொன்னது. அறிவுரைக்கும் உத்தரவுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது.

தமிழக அரசு, உள்ளாட்சிகள், கூட்டுறவு நிறுவனங்கள், அரசு மருத்துவமனைகள், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதே மாதிரித் தேதி போட்ட உத்தரவு உடனே வேண்டும். எந்த அலுவலகத்தில் எத்தனை கணினி, எதில் எந்த இயங்குதளம் என்ற கணக்கெடுப்பு முதலில் முடிய வேண்டும். 11-க்குத் தகுதியானவை மாறட்டும். தட்டச்சும் இணையமும் மட்டும் பார்ப்பவை லினக்ஸுக்குப் போகட்டும். இம்முறை பயிற்சியோடும் ஒருங்குறி மாற்றக் கருவிகளோடும். மீதிக்குப் பணம் கட்டி நீட்டிப்பு வாங்குவதானால், எந்த மாதம் வெளியேறுவோம் என்ற தேதியோடு வாங்கட்டும். பிரிட்டன் வாங்கிய ஓராண்டு, சொன்ன தேதி காப்பாற்றப்படாமல், எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம்.

வாசகர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். விண்டோஸ் 10 என்றும் 22எச்2 என்றும் காட்டினால், அமைப்புகளில் அப்டேட் பக்கத்துக்குப் போய் நீட்டிப்புக்கு இன்றே பதிவு செய்யுங்கள். அதைவிடப் பழைய எண் காட்டினால் முதலில் 22எச்2-க்கு வாருங்கள். விண்டோஸ் 7 என்றோ எக்ஸ்பி என்றோ காட்டினால், இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். வைஃபை என்றால் அணைத்துவிடுங்கள்.