3,500 கி.மீ பயணித்த ஒடிசா ஆமை: நம்ம கடலை எந்தப் பக்கமாகக் கடந்தது? ஏன் யாருக்கும் தெரியவில்லை?

2025 ஜனவரி 27. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டம் குஹாகர் கடற்கரையில் ஒரு ஆமை கரையேறி முட்டையிட்டது. அதன் துடுப்பில் சின்னதாக ஓர் உலோகத் தகடு, அதில் 03233 என்ற எண். பதிவேட்டைப் புரட்டினால், அது 2021 மார்ச் 18-ம் தேதி ஒடிசா கடற்கரையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் மாட்டிய தகடு! கிழக்குக் கரையில் பார்த்த ஆமை, நான்கு வருஷம் கழித்து மேற்குக் கரையில்.

'3,500 கி.மீ நீந்திய ஆமை' என்று செய்தி பறந்தது. ஆனால் அந்த 3,500 கி.மீ ஆமை சொன்ன கணக்கு இல்லை. வரைபடத்தில் இலங்கையைச் சுற்றிக் கோடு போட்டு மனிதர்கள் போட்ட கணக்கு. தகட்டுக்குத் தெரிந்தது இரண்டே புள்ளிகள்: புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம். நடுவில் அது கரையோரமாக வந்ததா, ஆழ்கடல் வழியாகப் போனதா, எங்கே எத்தனை நாள் தங்கியது... எதுவும் தெரியாது.

அந்த நடுவழியில்தான் பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் எல்லாம் இருக்கின்றன. ஆமைகள் செத்து ஒதுங்குவதும் இங்கேதான்.

அதே ஜனவரியில் இங்கே என்ன நடந்தது?

குஹாகரில் அந்த ஆமை முட்டையிட்ட அதே மாதம், திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. அந்த சீசனில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. வீங்கிய கழுத்து, பிதுங்கிய கண்கள். உடற்கூறாய்வில் தெரிந்தது, பெரும்பாலானவை மூச்சுத்திணறி இறந்திருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

கடல் ஆமைக்கு மூச்சுத்திணறலா என்று தோன்றலாம். ஆமைக்கு இருப்பது நுரையீரல், செவுள் கிடையாது. ஓய்வில் இருந்தால் நீண்ட நேரம் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். இழுவை வலைக்குள் சிக்கிப் போராடினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். வலையோ மணிக்கணக்கில் இழுபடும்.

சேட்டிலைட் கருவி என்ன செய்யும்?

தகடு போல இல்லாமல், இது ஆமையின் ஓட்டின் மேல் பசை வைத்து ஒட்டப்படும் சின்ன டிரான்ஸ்மிட்டர். உப்புத் தண்ணீருக்குள் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். மூச்சு வாங்க ஆமை மேலே வந்ததும், ஆன்டெனா காற்றில் பட்டதும், சிக்னல் கிளம்பும். அதைப் பிடிப்பது 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் அமைப்பு. செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் சிக்னலின் அலைவரிசை மாறுவதை வைத்து இடத்தைக் கணிக்கிறார்கள். ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்து போகும்போது சைரன் சத்தம் மாறுமே, அதே தத்துவம்தான்.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் யானை சீல்களின் தலையிலும் இதே வகைக் கருவி உண்டு. அவை ஆழத்தில் மூழ்கி கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகின்றன. கப்பலே போகாத இடத்திலிருந்து டேட்டா! முடி உதிரும் காலத்தில் கருவியும் உதிர்ந்துவிடும். ஆமை ஓட்டிலும் கருவி கழன்றுபோகலாம், ஆன்டெனா உடையலாம், பேட்டரி தீரலாம். அதனால் சிக்னல் நின்றுவிட்டால் ஆமை இறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்த வகைக் கருவி இதுவரை காட்டியது என்ன? 2023 பிப்ரவரியில் குஹாகரில் கருவி பொருத்தப்பட்ட பாகேஸ்ரீ என்ற ஆமை, மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்கே வந்துவிட்டது. இரண்டு கரை ஆமைகளும் தனித்தனிக் கூட்டம் என்ற எண்ணத்தையே இது அசைத்தது. 2025 மே மாதம் ஒடிசா வனத்துறை சொன்ன இன்னொரு தகவல் நமக்கு நெருக்கமானது. அங்கே கருவி பொருத்தப்பட்ட ஓர் ஆமை இலங்கை, தமிழ்நாடு, புதுச்சேரி கடல்பகுதிகளைக் கடந்து 51 நாளில் ஆந்திரா கரைப்பக்கம் வந்திருக்கிறது. ஆக, ஒடிசாவின் ஆமை என்று தனியாக ஒன்று இல்லை. அது நம்ம தெரு வழியாகவும் போகிறது.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. ஆலிவ் ரிட்லி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. ஆமைகள் கூடும், முட்டையிடும் பகுதிகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கி.மீ-க்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையும் உண்டு. வலையில் ஆமை வெளியேற வழிவிடும் கம்பிக்கூண்டை, நம் நாட்டிலேயே கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தது. இந்தக் கருவி நம் படகுகளில் நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லித்தான் இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் மீனும் போய்விடும் என்பது படகு உரிமையாளர்களின் தயக்கம். டீசல் செலவைப் பார்க்கும்போது அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு வேடிக்கை, காலண்டரில். தமிழில் இந்த ஆமைக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. சித்திரை பிறந்துவிடுகிறது! கடலோர மக்கள் பெயரிலேயே சொல்லிவைத்த மாதத்தைத் தடைக்காலம் தொடவே இல்லை.

பழவேற்காட்டில் ஃபைபர் படகில் போகிறவர்களையும், பெரிய இழுவைமடி போடும் விசைப்படகுகளையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை. எங்கே, எந்த நேரத்தில், எந்த வலை என்று தெரியாதவரை, பழி எல்லார் மேலும்தான் விழும்.

அடுத்து என்ன?

தமிழ்நாட்டுக் கரையில் ஆலிவ் ரிட்லிகளுக்கு சேட்டிலைட் கருவி பொருத்தும் ஆய்வை அரசு 2025-ல் கையில் எடுத்தது. வண்டலூரில் உள்ள வனத்துறை ஆராய்ச்சி நிறுவனமும் டேராடூனின் இந்திய வன உயிரின நிறுவனமும் இதில் இருக்கின்றன. ஆமைகள் அந்த 9 கி.மீ-க்குள்ளேயே சுற்றுகின்றன என்றால், இருக்கிற தடையை அமல்படுத்தினாலே போதும். அதைத் தாண்டி நாள்கணக்கில் தங்குகின்றன என்றால், கோட்டையே தள்ளிப் போட வேண்டியிருக்கும். கரையில் உடல்களை எண்ணி இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நீரோட்டம் உடலை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. கருவி ஒட்ட வசதியாகக் கரையேறுவது முட்டையிட வரும் பெண் ஆமைகள்தான். ஆண் ஆமை பொதுவாகக் கரைக்கே வராது. அதன் வழியை அறிய, யாராவது கடலுக்குள் போய்த்தான் அதைப் பிடிக்க வேண்டும். அந்த இடங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் மீனவர்கள்.