பூனை மேல தின்னர் ஊத்தாதீங்க

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற நேரம். "நாய், பூனை மேல பெயின்ட் பட்டா துணியில தின்னர் தொட்டுத் துடைங்க, போயிடும்"னு யாராவது சொல்வாங்க. கேக்காதீங்க.

பெயின்ட் போகும்தான். தோலும் வெந்துபோகும். மிச்சத்தை அது நக்கும். குறிப்பா பூனை, உடம்பை நக்கிச் சுத்தம் பண்ற பிராணி. நீங்க தடவினது அத்தனையும் வாய்க்குள்ள.

தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எல்லாம் ரொம்ப நீர்த்த திரவம். விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ சுலபமா நுரையீரலுக்குள்ள இறங்கிடும். அப்புறம் நிமோனியா. மண்ணெண்ணெய் குடிச்ச குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட நாங்க தலையால அடிச்சுக்கிறது இதைத்தான்: வாந்தி எடுக்க வைக்காதீங்க. நாய்க்கும் பூனைக்கும் அதே விதி. உப்புத் தண்ணி புகட்டுற வைத்தியம் இன்னும் மோசம். அந்த உப்பே விஷமாகும்.

"நமக்குக் கையில பட்டா ஒண்ணும் ஆகலையே?" நாம கையை நக்குறதில்லை. பூனையோட கல்லீரல் பல ரசாயனங்களை நம்ம கல்லீரல் மாதிரி முறிக்காது. நாம சாதாரணமா போடுற ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், பூனை செத்துடும்.

"தெருப்பூனை எல்லாம் நல்லாத்தானே சுத்துது?" செத்ததை யாருங்க எண்ணினது?

சரி, என்ன செய்யலாம்? முதல்ல நக்க விடாதீங்க, துண்டுல சுத்திப் பிடிங்க. எமல்ஷன் மாதிரி தண்ணியில கலக்குற பெயின்ட்னா, காயறதுக்குள்ள வெதுவெதுப்பான தண்ணி, குழந்தை ஷாம்பூ. எனாமல்னா சமையல் எண்ணெய் தடவித் துடைச்சு, பிறகு ஷாம்பூ. காஞ்சுபோச்சா, முடியை வெட்டிடுங்க, வளரும். தின்னரே மேல பட்டிருந்தாலோ, குடிச்சிருந்தாலோ, இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ நேரா கால்நடை மருத்துவமனை. டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க.

பிரஷ் ஊறவெச்ச கிண்ணத்தைத் தரையில விட்டுட்டு டீ குடிக்கப் போறதையும் நிறுத்துங்க.

இன்னொண்ணு, பழைய எனாமலைச் சுரண்டுற தூசி. வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச கதவு, ஜன்னல்ல எவ்வளவு ஈயம் இருக்கும்னு யாருக்கும் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அது தரையில விழும், நாயோட பாதத்துல ஒட்டும், நக்கும். வாந்தி, வயித்துவலி, வலிப்பு வரைக்கும் போகும். அதே தரையிலதான் உங்க குழந்தையும் தவழுது. தண்ணி தெளிச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. ஈரத்துணியால துடைச்சு முடிக்கிறவரை ரெண்டு பேரையும் அந்த ரூமுக்குள்ள விடாதீங்க.