ஃபார்மட் அடிப்பதற்கு முன்



தீபாவளி மலர் வேலை சூடுபிடித்துவிட்டது. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "கதையை அடிச்சு முடிச்சுட்டேன் சார், கம்ப்யூட்டர் படுத்துடுச்சு."

இதைச் சாக்கு என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. நம் வீடுகளில் என்ன மாதிரிக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பது தெரிந்ததுதானே. விலை குறைந்ததாகப் பார்த்துத் தவணையில் வாங்கியது, அல்லது மகள் படிப்பு முடிந்ததும் அப்பா மேசைக்கு வந்து சேர்ந்தது, அல்லது 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைக்குக் கிடைத்தது. 2 ஜி.பி. ராம், மெல்லச் சுழலும் ஹார்டு டிஸ்க். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் காபி கலந்து குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் பதிலும் மனப்பாடம்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வருடக்கணக்கில் சேர்ந்த வேண்டாத புரோகிராம்கள், ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு ஆன்டிவைரஸ்கள், பாதியில் நின்ற அப்டேட் இவற்றுக்கெல்லாம் பல சமயம் அதுதான் சரியான வைத்தியம். ஆனால் அதை வீட்டிலேயே செய்யலாம். விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குள் போய் ரெக்கவரி என்ற பகுதியைத் திறந்தால் 'ரீசெட்' இருக்கிறது. திரையே வராமல் அடம்பிடித்தால்கூட, சில முறை தொடர்ந்து பூட் ஆகாமல் போனதும் அது தானாகவே பழுதுநீக்கும் பக்கத்துக்கு வந்து நிற்கும். விண்டோஸ் 7 காலத்து மாடல்களில், தயாரித்த நிறுவனமே ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலையில் முதல் நாள் நிலையை மறைத்து வைத்திருக்கும். ஆன் செய்தவுடன் எச்.பி.யில் எஃப் 11, ஏசரில் ஆல்ட்டையும் எஃப் 10ஐயும் சேர்த்து, அசூஸில் எஃப் 9 என்று அழுத்தினால் பெரும்பாலும் அது எழுந்து வரும். லெனோவா லேப்டாப்கள் பலவற்றில் இதற்கென்றே பொடிப் பொத்தான் ஒன்று உண்டு. சார்ஜரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும் வேலை.

பொத்தானை அழுத்துவது சுலபம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் சாமான்களைத் திண்ணைக்கு எடுத்து வைக்கிறோமே, அந்த வேலைதான் இங்கே பெரிது.

விண்டோஸ் 10இல் ரீசெட் போடும்போது 'கோப்புகளை வைத்துக்கொள்', 'எல்லாவற்றையும் நீக்கு' என்று இரண்டு வழி கேட்கும். முதல் வழியில் போனால் ஒன்றும் போகாது என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் ஃபோல்டர்களில் இருக்கும் படங்களும் கடிதங்களும் நிற்கும், சரி. நீங்களாகப் போட்ட புரோகிராம்கள் அத்தனையும் போய்விடும். போனவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு அதற்கு மரியாதை தெரியும், அவ்வளவுதான். ஊர்ப்பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகள் இன்னும் பேஜ்மேக்கரை விடவில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அந்த சி.டி. எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்க்காமல் ரீசெட்டைத் தொடாதீர்கள்.

பத்திரிகைக்காரனாக எனக்கு அதிகக் கவலை தருவது எழுத்துரு. நம்மில் பலர் இன்றும் பாமினியில் அடிக்கிறோம், சிலர் வானவில்லில். இவை யூனிகோடு அல்லாதவை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது அந்த எழுத்துரு. ரீசெட்டில் எழுத்துரு போய்விட்டால், பாமினியில் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் திறந்து பார்ப்பவர் வைரஸ் தின்றுவிட்டது என்று அழித்துவிடுகிறார். அழிக்காதீர்கள்! எழுத்துருவை மறுபடி போட்டால் கதை அப்படியே திரும்பி வரும். அதைவிட நல்லது, கம்ப்யூட்டர் மூச்சோடு இருக்கும்போதே என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி பென் டிரைவில் ஏற்றிவிடுவது. தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றாயிற்று. நாமும் கொஞ்சம் நகரலாம்.

விண்டோஸ் எழவே இல்லை, உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது என்கிறீர்களா? தொடக்க ஆண்டுகளில் வந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட முடியும். பாவம், பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்த்ததே இல்லை. மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் கிடைக்கிறது, இலவசமாகவே.

ரீசெட் எதைச் சரிசெய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேனில் பஞ்சுபோல் தூசி அடைத்துச் சூடேறி அணைகிற கம்ப்யூட்டர், ரீசெட்டுக்குப் பிறகும் அணையும். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அது சாகக் கிடக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ரீசெட் போட்டால் பாதி வழியில் நின்று, இருந்ததும் போய்விடும். முதலில் கோப்புகளைக் காப்பாற்றிவிட்டு அந்த டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளுங்கள். மறைத்து வைத்த அந்த முதல் நாள் நிலை பழைய டிஸ்க்கோடு போய்விடும் என்பதால், புதிதாக விண்டோஸ் ஏற்ற 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று தேவைப்படும்.

இன்னொன்று. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடனும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ரீசெட் முடித்துப் பளிச்சென்று எழுந்து நிற்பதும் அந்தப் பழைய விண்டோஸ்தான். கதை எழுதத் தாராளமாகப் போதும். வங்கிக் கணக்கை அதில் திறப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மலருக்கான படைப்புகளை வேர்டு கோப்பாகவோ மின்னஞ்சலில் நேராக ஒட்டியோ அனுப்பலாம். யூனிகோடு அல்லாத எழுத்துரு என்றால் அதன் பெயரை முதல் வரியில் குறித்துவிடுங்கள். மாற்றிக்கொள்வது எங்கள் வேலை. கம்ப்யூட்டர் இன்னும் எழவில்லையென்றால் கையால் எழுதித் தபாலில் அனுப்புங்கள், பக்கத்துக்கு ஒரு புறம் மட்டும், இடைவெளி விட்டு.

அன்புடன்,
ஆசிரியர்