இரு கைகளிலும் நாடி பாருங்கள்

இடது மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். நாடி துடிக்கிறது அல்லவா? இனி மறு கையிலும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வலுவுடன் துடிக்க வேண்டும். ஒரு கையில் நாடி மெலிந்தோ, அறவே இல்லாமலோ போனால்?

அப்படியும் ஒரு நோய் உண்டு. தகயாசு தமனி அழற்சி என்பது அதன் பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, பெருந்தமனியையும் அதன் கிளைகளையுமே தாக்குகிறது. தமனியின் சுவர் தடிக்கிறது, உள்வழி குறுகுகிறது. குழாயின் ஆரம் பாதியானால் பாயும் திரவம் 16-இல் ஒரு பங்காகிவிடும் என்பது பாய்சொய் கண்ட விதி. இரத்தத்திற்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் சிறு குறுக்கம் எவ்வளவு பெரிய கேடு என்பது விளங்கும்.

1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் மாலைபோல் பின்னிக் கிடப்பதை எடுத்துரைத்தார். அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். தொட்டுப் பார்த்ததில் கிடைத்த தடயம் அது!

இந்நோய் அரிது. ஆனால் பெரும்பாலும் இளம் பெண்களுக்கே வருகிறது. உங்கள் வயதிலும் வரலாம். முதலில் காய்ச்சல், அசதி, எடைக் குறைவு. பிறகு தலை வாரிப் பின்னும்போதே கை சோர்ந்து போகும். 'படிப்புக் களைப்பு' என்று வீட்டார் விட்டுவிடக்கூடும்.

மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாற்றிலோ மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் ஒரு கையில்தான் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். கூட்டம் அதிகம் என்பது மெய்தான். ஆனால் தமனி குறுகிய கையில் அழுத்தம் குறைவாகவே காட்டும். சிறுநீரகத் தமனியும் குறுகியிருந்தால் உடலில் அழுத்தம் ஏறியிருக்கும். கருவியோ எல்லாம் சரி என்று சொல்லும்! தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்வது போன்றதல்லவா இது?

அரிய நோய்க்காக எல்லோருக்கும் இருமுறை அளப்பதா என்று கேட்கலாம். இதற்குப் புதுக் கருவி வேண்டாம். இரண்டொரு நிமிடம் போதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, லக்னோ சஞ்சய் காந்தி நிலையம் முதலியவற்றின் மருத்துவர்கள் சேர்ந்து, இந்நோயின் தீவிரத்தை மதிப்பிட 'ஐடாஸ் 2010' என்ற இந்திய அளவுகோலை வகுத்தார்கள். அதன் 44 குறிப்புகளில் 33, இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றியவை. நாடி, இரத்த அழுத்தம், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல் ஆகியவை அவற்றில் அடங்கும்.

ஆகவே, பள்ளி மருத்துவப் பரிசோதனையில் ஒருமுறையேனும் இரு கைகளிலும் நாடியும் அழுத்தமும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வேறுபாடு கண்டால் உடனே அஞ்ச வேண்டாம். சிலருக்கு நாடியின் அமைப்பே இயற்கையில் சற்று மாறியிருக்கும். ஆனால் மேல் அழுத்தம் 20 மி.மீ. பாதரசம் அளவுக்கு வேறுபட்டால், மீண்டும் அளந்து காரணம் தேட வேண்டும். ஸ்கேன் எடுத்தால் தமனியின் நிலை தெரியும். அழற்சியைத் தொடக்கத்திலேயே மருந்தால் அடக்கலாம். அடைத்துப்போன தமனியைத் திறப்பது எளிதன்று.

அடுத்த முறை மருத்துவர் ஒரு கையில் பட்டையைச் சுற்றி அளந்து முடித்ததும், "டாக்டர், இந்தக் கையிலும் பார்க்கிறீர்களா?" என்று பணிவுடன் கேளுங்கள். அறிவியல் படிக்கும் உங்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.